புட்டியைக் காட்டி வாங்கிய ஓட்டு

அமெரிக்க மதுவிலக்குக் காலத்தைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ஒரு கேலிப்படமும் கூடவே வந்துவிடுகிறது. கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்பு உடை, உம்மென்ற முகம், ஒரு கையில் பைபிள், மறு கையில் கோடாலி. இந்தப் பெண்கள்தான் ஒரு தேசத்தின் கையிலிருந்த கோப்பையைத் தட்டிவிட்டார்கள் என்பது கதை. ஓட்டுரிமை கிடைத்ததும் அவர்கள் செய்த முதல் காரியம் இதுதான். அதனால்தான் கள்ளச்சாராயம் வந்தது, அல் கபோன் வந்தான், தெருவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. நான் வரலாறு படித்த கல்லூரியில் இதை ஆசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது அம்மா தன் தையல் கூலியைப் பருப்பு டப்பாவுக்குள் புதைத்துக்கொண்டிருந்தார். அப்பா வரும் நேரம். அப்பாவுக்குக் கைநடுக்கம் தொடங்கியிருந்த காலம் அது. பருப்புக்குள் இறங்கிய அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது காலையில் சிரித்த சிரிப்பு எனக்குக் கசந்தது. அந்தக் கறுப்பு உடைப் பெண்களும் இப்படி எதையாவது ஒளித்துவைத்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்று அப்போது தோன்றியது. அதன்பின் அவர்களைப் பற்றி நிறையப் படித்தேன். படிக்கப் படிக்க அவர்கள் மீது மரியாதையும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சிரிப்புக் கதையோடு எனக்கு இரண்டு சண்டைகள் இருக்கின்றன. ஒன்று, அது பொய். இரண்டு, அந்தப் பொய்யைக் காட்டி அதைவிடப் பெரிய ஒன்றை மறைத்துவிட்டார்கள்.

பொய்யைத் தெரிந்துகொள்ள நாட்காட்டியே போதும். மதுவிலக்கைக் கொண்டுவந்த 18வது அரசியல் சட்டத் திருத்தம் காங்கிரசில் நிறைவேறியது 1917 டிசம்பரில். அன்று அந்த முழுக் காங்கிரசிலும் இருந்த பெண் உறுப்பினர் ஒரே ஒருவர்தான், மொன்டானாவின் ஜெனட் ரான்கின். தேவையான அளவு மாநிலச் சட்டமன்றங்கள் அதை உறுதிசெய்தது 1919 ஜனவரி 16-இல். அது நடைமுறைக்கு வந்தது 1920 ஜனவரி 17-இல். பெண்களின் ஓட்டுரிமையை நாடு முழுவதற்கும் ஆக்கிய 19வது திருத்தம் அமலுக்கு வந்ததோ 1920 ஆகஸ்ட் 26-இல். மதுவிலக்கு வந்து ஏழு மாதம் கழித்துத்தான் நாட்டின் எல்லாப் பெண்களுக்கும் என்று சொல்லி ஓட்டு வந்தது. சில மாநிலங்களில் அதற்கு முன்பே பெண்கள் ஓட்டுப் போட்டார்கள் என்பது உண்மை. ஆனால் 48 மாநிலங்களில் 46 மாநிலங்கள் அந்தத் திருத்தத்தை ஏற்றன. கை தூக்கியவர்கள் அநேகமாக எல்லோருமே ஆண்கள்.

அவர்களைக் கைதூக்க வைத்தது எது? 1893-இல் ஒஹையோவில் தொடங்கி, வேய்ன் வீலர் போன்ற ஆண்கள் நடத்திய சலூன் எதிர்ப்புச் சங்கம் ஒரு காரணம். சலூன் என்றால் நமக்கு முடிவெட்டும் கடை. அங்கே அது குடிக்கூடம். கூலிப்பணம் மாறியதும் அங்கேதான், வார்டு அரசியல் நடந்ததும் அங்கேதான். 1913-இல் வந்த வருமான வரி இன்னொரு காரணம். அதுவரை மத்திய அரசின் வருவாயில் கால் பங்குக்கும் மேல் மதுவிலிருந்தே வந்தது. வேறு வழியில் பணம் வரும் என்று தெரிந்தபிறகுதான் அரசுக்கு மதுவைக் கைவிடும் துணிச்சல் வந்தது. மூன்றாவது, முதல் உலகப் போர். பீர் ஆலைகள் பெரும்பாலும் ஜெர்மன் வம்சாவளியினர் கையில் இருந்தன. ஜெர்மனியோடு போர் வந்ததும் பீர் குடிப்பது தேசத்துரோகம் போல ஆகிவிட்டது. வரி, போர், ஆண்களின் சங்கம் இந்த மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த சட்டத்துக்குப் பழி மட்டும் பெண்கள் மேல் விழுந்தது.

சரி, பெண்கள் மதுவுக்கு எதிராகப் போராடவே இல்லையா? போராடினார்கள். ஏன் போராடினார்கள் என்பதைத்தான் யாரும் வகுப்பில் சொல்வதில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரும்பாலான மாநிலங்களில் மனைவி சம்பாதித்த கூலி சட்டப்படி கணவனுடையது. அவன் அதைச் சலூனில் கொடுத்துவிட்டு வந்தால் கேட்க அவளுக்கு உரிமை இல்லை. வீடு அவனுடையது. பிள்ளைகளும் அவனுடையவர்கள். அடித்தால் ஒதுங்க இடமில்லை. குடி என்பது அவளுக்கு ஒழுக்கப் பிரச்சினை அல்ல. சட்டம் அவளைக் கட்டிப்போட்டிருந்த கயிற்றின் இன்னொரு முனை ஒரு குடிகாரன் கையில் இருந்தது. அதுதான் அவளுடைய பிரச்சினை.

1852-இல் ஆல்பனி நகரில் நடந்த மது எதிர்ப்புக் கூட்டத்தில் பேச எழுந்த சூசன் பி. அந்தோனியை, பெண்கள் இங்கே கேட்டுக் கற்றுக்கொள்ள அழைக்கப்பட்டவர்கள், பேச அல்ல என்று சொல்லி உட்காரவைக்கப் பார்த்தார்கள். அவர் எழுந்து வெளியேறி, பெண்களுக்கென்றே தனிச் சங்கம் அமைத்தார். எலிசபெத் கேடி ஸ்டான்டன் அதன் தலைவர். ஸ்டான்டன் அங்கே ஒரு எளிய விஷயத்தைச் சொன்னார்: குடிகாரனின் மனைவிக்கு அவனை விவாகரத்து செய்யும் உரிமை வேண்டும். சபை அதிர்ந்தது. மறு ஆண்டே அவர் தலைமைப் பதவியை இழந்தார். குடியை விடச் சொல்லலாம், குடிகாரனை விடச் சொல்லக்கூடாது. 1853-இல் போட்ட இந்த எல்லைக்கோட்டை அடுத்த 80 ஆண்டுகளில் எந்தக் கட்சியும், எந்த அதிபர் வேட்பாளரும் தாண்டவில்லை. என் கோபத்தின் மையம் இதுதான்.

1873 டிசம்பரில் ஒஹையோவின் ஹில்ஸ்பரோவில் பெண்கள் குடிக்கடை வாசலில் மண்டியிட்டார்கள். அடுத்த ஆண்டு பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கம் உருவானது. 1879 முதல் அதன் தலைவராக இருந்த பிரான்சஸ் வில்லார்ட் மதுவோடு நிற்கவில்லை. பெண்ணின் பாலுறவுச் சம்மத வயதை உயர்த்தச் சொல்லிப் போராடினார். அன்று பல மாநிலங்களில் அது 10 அல்லது 12. டெலவேரில் 7. ஆம், ஏழு வயது. அந்த எண்ணை மாற்ற வீடுவீடாகக் கையெழுத்து வாங்கிய பெண்களைத்தான் நாம் கோடாலிக் கிழவிகள் என்று சிரிக்கிறோம்.

அவர்களைப் புனிதர்களாக்கவும் நான் தயாரில்லை. 1890-இல் தெற்கின் கறுப்பின மக்களைப் பற்றி ஒரு பேட்டியில் வில்லார்ட் பேசியது வெட்கக்கேடானது. கறுப்பின ஆண்களையும் குடியையும் சேர்த்துவைத்து, வெள்ளைப் பெண்களுக்கு ஆபத்து என்ற பயத்தை ஊட்டினார். கறுப்பின மக்களைக் கும்பல் அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. கொலைகளுக்கு எதிராக எழுதிக்கொண்டிருந்த ஐடா பி. வெல்ஸ் இங்கிலாந்துவரை போய் அந்தப் பேட்டியை மறுபடி அச்சிட்டு, இதுதான் உங்கள் மாபெரும் தலைவியின் முகம் என்று காட்டினார். “குடும்பத்தைக் காப்போம்” என்ற முழக்கத்தில் யாருடைய குடும்பம் என்ற கேள்வியை அன்றே கேட்டவர் வெல்ஸ். அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இனி வரும் தேர்தல்களைப் பார்க்க வேண்டும்.

1920. பெண்கள் நாடு முழுவதும் ஓட்டுப் போட்ட முதல் அதிபர் தேர்தல். குடியரசுக் கட்சியின் வாரன் ஹார்டிங், ஜனநாயகக் கட்சியின் ஜேம்ஸ் காக்ஸ். இருவருமே ஒஹையோக்காரர்கள், இருவருமே பத்திரிகை முதலாளிகள். மதுவிலக்கை ஆதரிப்பவர்களை ‘உலர்ந்தவர்கள்’ என்றும் எதிர்ப்பவர்களை ‘நனைந்தவர்கள்’ என்றும் சொல்லும் வழக்கு அப்போது இருந்தது. காக்ஸ் நனைந்தவர் என்று பெயரெடுத்திருந்தார். ஹார்டிங் செனட்டில் மதுவிலக்குக்கு ஓட்டளித்தவர். ஆனால் வெள்ளை மாளிகைக்குப் போன பிறகு அவருடைய சீட்டாட்ட இரவுகளில் விஸ்கி ஓடியது. ஊருக்கு உலர்ந்தவர், வீட்டில் நனைந்தவர். இத்தகைய அரசியல்வாதிகளை நமக்கு விளக்கத் தேவையில்லை.

அந்த ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி மேரியன் நகரில் ஹார்டிங் வீட்டு வாசலுக்குப் பெண்கள் திரண்டு போனார்கள். சம வேலைக்குச் சமக் கூலி, எட்டு மணி நேர வேலை, தாய்சேய் நலம், குழந்தை உழைப்பு ஒழிப்பு பற்றி ஹார்டிங் நல்ல வார்த்தைகள் பேசினார். 60 சதவீத ஓட்டுகளோடு ஜெயித்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் ஷெப்பர்ட்-டவுனர் சட்டத்தில் கையெழுத்திட்டார். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் மத்திய அரசின் பணத்தில் செவிலியர்களும் ஆலோசனை மையங்களும் கிடைக்கச் செய்த சட்டம் அது. பெண்கள் கூட்டமாக ஓட்டுப்போட்டு வீழ்த்திவிடுவார்களோ என்ற பயம் காங்கிரசுக்கு இருந்ததால்தான் அது நிறைவேறியது. இதை நினைவில் வையுங்கள். பெண்களின் ஓட்டுக்கு ஆண்கள் உண்மையாகப் பயந்த ஒரே தருணம் இது. அந்தப் பயத்துக்குக் கிடைத்த பரிசு மதுவைப் பற்றியது அல்ல, பிரசவத்தைப் பற்றியது.

அந்த 1920 தேர்தலையொட்டித் தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பெண்கள் ஓட்டுரிமைப் பதிவுக்கு வரிசையில் நின்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். தலைவரி கேட்டார்கள், அரசியல் சட்டத்தை வாசித்து விளக்கச் சொன்னார்கள், மணிக்கணக்கில் நிற்கவைத்தார்கள். 1921 பிப்ரவரியில் அடி ஹன்டன் தலைமையில் கறுப்பினப் பெண்கள் தேசியப் பெண்கள் கட்சியின் ஆலிஸ் பாலிடம் போய் நியாயம் கேட்டபோது, இது பெண் பிரச்சினை அல்ல, இனப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட்டார்கள். ஓட்டுரிமைக்காகச் சிறையில் பட்டினி கிடந்தவர்தான் ஆலிஸ் பால். சக பெண்ணின் ஓட்டு பறிபோனபோது அவருக்கு வேறு வேலை இருந்தது.

1924. ஜனநாயகக் கட்சி மாநாடு நியூயார்க்கில் கூடியது. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க 103 முறை வாக்கெடுப்பு நடந்தது. உலர்ந்த மெக்காடூ ஒரு பக்கம், நனைந்த அல் ஸ்மித் மறுபக்கம். கு கிளக்ஸ் கிளானின் பெயரைச் சொல்லிக் கண்டிக்கும் தீர்மானம் ஒரே ஓட்டு அளவிலான வித்தியாசத்தில் தோற்றது. கறுப்பின மக்களையும் யூதர்களையும் கத்தோலிக்கர்களையும் வேட்டையாடிய அந்தக் கூட்டம் மதுவிலக்கின் காவலனாகவும் வேடம் போட்டிருந்தது. இல்லினாயின் வில்லியம்சன் மாவட்டத்தில் சாராயச் சோதனை என்று சொல்லிக்கொண்டு கிளான்காரர்கள் இத்தாலியச் சுரங்கத் தொழிலாளர்களின் வீடுகளுக்குள் புகுந்தார்கள். கிளானுக்குப் பெண்கள் அணியும் இருந்தது. இந்தியானாவில் அதை நடத்திய டெய்சி டக்ளஸ் பார், மதுவிலக்கு மேடைகளில் வளர்ந்த மதப் பிரசங்கி. பெண்கள் சேர்ந்து நடந்தாலே அது பெண்ணியம் என்று நம்பும் தோழிகளுக்கு இந்த ஊர்வலத்தை நான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

அதே மாநாட்டில்தான் இன்னொன்றும் நடந்தது. எலினோர் ரூஸ்வெல்ட் தலைமையில் பெண்கள் குழு ஒன்று குழந்தை உழைப்பு, சமக் கூலி, தாய்சேய் நலம் பற்றிய கோரிக்கைகளைத் தயாரித்துக் கொண்டுவந்திருந்தது. தீர்மானக் குழு ஆண்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். பெண்கள் இரவெல்லாம் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறக்கவில்லை. பின்னாளில் உலகமே அறிந்த அந்தப் பெண்ணை அன்று ஒரு கட்சி தாழ்வாரத்தில் உட்காரவைத்தது. அதே ஆண்டு மதுவிலக்குக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக மேரி பிரெம் நின்றார் என்பதையும் சொல்ல வேண்டும். ஜெயிக்க முடியாத கட்சியில்தான் பெண்ணுக்கு இடம் இருந்தது. தேர்தலில் கால்வின் கூலிட்ஜ் சுலபமாக ஜெயித்தார். பெண்கள் ஒரே கூட்டமாக ஓட்டுப் போடவில்லை, கணவனைப் போலவும் அப்பாவைப் போலவும் பிரிந்துதான் போடுகிறார்கள் என்று அரசியல்வாதிகள் முடிவுகட்டினார்கள். பயம் தெளிந்தது. 1929-இல் ஷெப்பர்ட்-டவுனர் சட்டத்தின் நிதி நின்றது. கர்ப்பிணிக்கு அரசு செலவழிப்பது சமதர்மச் சதி என்று சொன்ன மருத்துவர் சங்கத்தின் பேச்சு எடுபட்டது. மதுவிலக்கு அமலாக்கத்துக்கோ அந்த ஆண்டு தண்டனை கூடியது.

1928தான் உச்சம். ஹெர்பர்ட் ஹூவர் எதிர் அல் ஸ்மித். போர்க்காலத்தில் உணவு நிர்வாகத்தை நடத்தியவர் ஹூவர். கோதுமையையும் இறைச்சியையும் மிச்சப்படுத்தச் சொல்லி ஒவ்வொரு சமையலறையிலும் அவர் பெயர் ஒலித்திருந்தது. மதுவிலக்கை உன்னத நோக்கம் கொண்ட பெரும் சோதனை முயற்சி என்று வர்ணித்தார். ஸ்மித் ஐரிஷ் வம்சாவளிக் கத்தோலிக்கர், நியூயார்க்கின் ஏழைத் தெருவில் வளர்ந்தவர், வெளிப்படையாக நனைந்தவர். அவருடைய ரயில் ஓக்லஹோமாவுக்குள் வந்தபோது கிளான் சிலுவைகளை எரித்தது. ஆனால் என்னைச் சுட்டது வேறொன்று. ஸ்மித்தின் மனைவி கேட்டியைப் பற்றி, இப்படிப்பட்ட பேச்சும் இப்படிப்பட்ட உடையும் கொண்டவள் வெள்ளை மாளிகையில் விருந்து வைப்பதை நினைத்துப் பாருங்கள் என்று மேடை போட்டு ஏளனம் செய்தவர்கள் மேட்டுக்குடிப் பெண்கள். மதுவின் பெயரால் நடந்த தேர்தலில் ஒரு தொழிலாளி வீட்டுப் பெண்ணின் உச்சரிப்பும் இடுப்பளவும் பிரச்சாரப் பொருளாயின.

அந்தத் தேர்தலின் மிக முக்கியமான பெண் மேபல் வாக்கர் வில்லபிராண்ட். லாஸ் ஏஞ்சலஸில் ஏழைப் பெண்களுக்காக வாதாடிய வழக்கறிஞர். 1921-இல் உதவி அட்டர்னி ஜெனரலாக்கி, மதுவிலக்கு வழக்குகளை அவர் தலையில் கட்டினார்கள். யாரும் தொட விரும்பாத வேலை. அதைத் திறமையாகச் செய்தார். கள்ளச்சாராய வருமானத்துக்கும் வரி உண்டு என்று 1927-இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கியது அவருடைய துறை. அல் கபோன் சிறைக்குப் போன வழி அதுதான். 1928 செப்டம்பரில் கட்சி அவரை ஒஹையோவில் மெதடிஸ்ட் பாதிரிமார்கள் முன்னால் நிறுத்தி, ஸ்மித்துக்கு எதிராகச் சபைகளைத் திரட்டச் சொல்ல வைத்தது. மதவெறியைத் தூண்டுகிறாள் என்ற பழி அவர் மேல் விழுந்தது. ஹூவர் 58 சதவீத ஓட்டுகளோடு ஜெயித்தார். பெண்கள் பெருமளவில் பதிவுசெய்து ஓட்டுப் போட்ட தேர்தல் அது. வில்லபிராண்டுக்கோ அவர் எதிர்பார்த்த உயர்பதவி வரவில்லை. 1929-இல் ராஜினாமா செய்தார். பிறகு வீட்டிலேயே ஒயினாகப் புளிக்கக்கூடிய திராட்சைச் சாறு விற்ற கலிபோர்னியாக் கூட்டமைப்புக்கு வழக்கறிஞரானார். இதைச் சொல்லி அவரைக் கேலி செய்பவர்கள் உண்டு. அழுக்கு வேலைக்குப் பெண்ணைப் பிடித்து, பழியையும் அவளிடமே விட்டு, பலனை எடுத்துக்கொண்டு போன கட்சியை ஏன் யாரும் கேலி செய்வதில்லை?

ஹூவர் ஜெயித்த சில வாரங்களில், 1928 டிசம்பரில், மிச்சிகன் மாநிலம் லான்சிங்கில் பத்துப் பிள்ளைகளின் தாய் ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். குற்றம், சிறிதளவு சாராயம் விற்றது. திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர் என்ற சட்டப்பிரிவு அவர் மேல் பாய்ந்தது. 1929 மார்ச்சில் இல்லினாயின் அரோராவில் மதுச் சோதனைக்கு வந்த காவலர் சுட்டதில் ஒரு பெண் தன் வீட்டுக்குள்ளேயே செத்தார். அதே மாதம் வந்த ஜோன்ஸ் சட்டம், மது வழக்குக்கு 5 ஆண்டு சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்க வழிசெய்தது. தாயைக் காக்க வந்ததாகச் சொன்ன சட்டம் தாயைச் சிறையில் அடைத்தது, சுட்டும் கொன்றது. அடுப்படியில் சாராயம் காய்ச்சி விற்றவர்களில் பலர் விதவைகளும், கூலி போதாத வீட்டுப் பெண்களும். பணக்காரனுக்கு 1920-க்கு முன்பே வாங்கி நிலவறையில் அடுக்கிய பாட்டில்கள் இருந்தன. வீட்டில் வைத்துக் குடிப்பதைச் சட்டம் தடுக்கவும் இல்லை. ஆரம்ப ஆண்டுகளில் குடி குறைந்தது, ஈரல் நோய்ச் சாவுகள் குறைந்தன என்பது உண்மை. அந்த ஆறுதல் சில வீடுகளுக்காவது கிடைத்திருக்கும். ஆனால் அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்று பார்க்காமல் அந்தக் கணக்கை மூடக்கூடாது.

இப்போது எதிர்ப்பக்கத்துக்கு வருவோம். பாலின் சேபின், மார்ட்டன் உப்பு நிறுவனக் குடும்பத்துப் பெண், வங்கி முதலாளியின் மனைவி, குடியரசுக் கட்சியின் தேசியக் குழுவில் இருந்தவர். ஹூவர் பதவியேற்றதும் கட்சிப் பொறுப்பை விட்டு, 1929 மே மாதம் சிகாகோவில் மதுவிலக்கை எதிர்க்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். மதுவிலக்குச் சங்கம் எல்லாப் பெண்களின் பெயராலும் பேசுவதை அவரால் பொறுக்க முடியவில்லை. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. சில ஆண்டுகளில் பத்து லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள் என்றது அமைப்பு. 1932 ஜூலையில் டைம் பத்திரிகை அட்டையில் அவர் படம் வந்தது. இன்றைக்குப் பல பெண்ணியப் புத்தகங்கள் அவரை விடுதலையின் முகமாகக் கொண்டாடுகின்றன.

எனக்கு அந்தக் கொண்டாட்டத்தில் பங்கில்லை. சேபின் பேசியதும் பிள்ளைகளைக் காப்போம் என்றுதான். மதுவிலக்கு வந்தால் தன் இரண்டு மகன்களுக்கு நல்லது என்று முதலில் நம்பியவர், பிறகு மதுவிலக்கு போனால் பிள்ளைகளுக்கு நல்லது என்றார். ஆதரித்தாலும் எதிர்த்தாலும் பெண் தாயாக மட்டுமே பேச அனுமதி. அவருடைய அமைப்பின் மேல்மட்டத்தில் டு பாண்ட் போன்ற கோடீசுவரக் குடும்பத்துப் பெண்கள் இருந்தார்கள். அவர்களுடைய ஆண்கள் நடத்திய சங்கத்துக்கோ வேறு கணக்கு. மதுவுக்கு மறுபடி வரி போட்டால் தங்கள் வருமான வரி குறையும். தொழிலாளியின் பீர்க் கோப்பையிலிருந்து எடுத்துப் பணக்காரனின் வரியைக் கட்டும் திட்டத்துக்குப் பெண் சுதந்திரம் என்று பெயர் வைத்தார்கள்.

1932. பெருமந்தத்தின் அடிமட்டம். வேலையில்லாதவர்கள் ரொட்டி வரிசையில் நின்றார்கள். இரண்டு கட்சிகளும் சிகாகோவில் ஒரே அரங்கில் அடுத்தடுத்து மாநாடு நடத்தின. உள்ளே அனல் பறந்தது மதுவைப் பற்றி. நாடு இவ்வளவு பெரிய நெருக்கடியில் இருக்கும்போது இவர்களுக்குப் பேச இது ஒன்றுதான் கிடைத்ததா என்று தத்துவவாதி ஜான் டூயி சலித்துக்கொண்டார். ஜனநாயகக் கட்சி மதுவிலக்கை ரத்து செய்வோம் என்றது. குடியரசுக் கட்சி இரண்டும்கெட்டானாக இழுத்தது. சேபினின் அமைப்பு ரூஸ்வெல்ட்டை ஆதரித்தது.

அந்த மாநாடுகள் நடந்த அதே ஜூன் மாதக் கடைசியில் ஹூவர் ஒரு சிக்கனச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் 213வது பிரிவு, கணவனும் மனைவியும் இருவருமே மத்திய அரசு வேலையில் இருந்தால் ஆள்குறைப்பில் ஒருவரை முதலில் நீக்கச் சொன்னது. யார் போனார்கள் என்று கேட்க வேண்டுமா? பெரும்பாலும் மனைவிகள்தான். பள்ளிகளில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்காத நகரங்கள் ஏற்கெனவே ஏராளம். பெண்ணின் சம்பளம் பறிபோன மாதத்தில் இரண்டு கட்சிகளும் பெண்களிடம் கேட்டது, பீர் வேண்டுமா வேண்டாமா என்று. அந்தப் பிரிவு 1937 வரை நீடித்தது. பீர் அதற்கு முன்பே, 1933 ஏப்ரலில் வந்துவிட்டது. டிசம்பர் 5-இல் 21வது திருத்தம் மதுவிலக்கை முடித்துவைத்தது. சேபினின் அமைப்பு வேலை முடிந்தது என்று கலைந்தது. யாருடைய வேலை முடிந்தது?

ரத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்பதை விடுதலைக் கதை சொல்பவர்கள் சொல்வதில்லை. மது விற்கும் கவுன்டருக்குப் பின்னால் பெண் நிற்கக்கூடாது, கடை முதலாளியின் மனைவியாகவோ மகளாகவோ இருந்தால் மட்டும் நிற்கலாம் என்று மிச்சிகன் சட்டம் போட்டது. அது சரிதான் என்று 1948-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலினப் பாகுபாட்டை நீதிமன்றம் கடுமையாக உரசிப்பார்க்க வேண்டும் என்ற அளவுகோல் 1976-இல்தான் வந்தது. அதுவும் ஓக்லஹோமாவில் வாலிபர்களுக்கு பீர் விற்பதைப் பற்றிய வழக்கில். அடிவாங்கும் பெண்கள் ஒதுங்கக் காப்பகங்கள் பரவியது 1970களில். மனைவியை வன்புணர்வது 50 மாநிலங்களிலும் குற்றமானது 1993-இல். ஸ்டான்டன் 1852-இல் கேட்டது இதைத்தானே! மதுவைத் திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். அவர் தட்டிய கதவைத் திறக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

நான்கு தேர்தல்களையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான். பெண்ணுக்கு ஓட்டு வந்த அன்றே அந்த ஓட்டுக்கு ஒரே ஒரு கேள்வியை ஒதுக்கிவிட்டார்கள். நீ தாயா? அப்படியானால் மதுவைப் பற்றிச் சொல். கூலியைப் பற்றி, பிரசவத்தைப் பற்றி, விவாகரத்தைப் பற்றி, கறுப்பினப் பெண்ணின் ஓட்டைப் பற்றி நீ பேச வந்தால் தாழ்வாரத்தில் உட்கார். பெண் தலைவர்களில் பலர் அந்த ஒற்றைக் கேள்வியை ஏற்றுக்கொண்டார்கள். அதற்குப் பதில் சொல்வதிலேயே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். அதிகாரத்தில் இருந்த ஆண்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

அப்படியென்றால் குடி பிரச்சினை இல்லையா என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். பிரச்சினைதான் என்றேன். பருப்பு டப்பாவுக்குள் கைவிட்ட வீட்டிலிருந்து வந்தவள் நான். கடையை மூடு என்று தெருவில் உட்காரும் பெண்ணைப் பார்த்து நான் ஒருநாளும் சிரிக்க மாட்டேன். ஆனால் கடையை மூடுகிறேன் என்று ஓட்டுக் கேட்டு வருபவரிடமும், மூடினால் கள்ளச்சாராயம் வரும் என்று ஞானம் பேசுபவரிடமும் நான் கேட்க நினைப்பது ஒன்றுதான். கடை மூடிய மறுநாள் அவள் கூலி யார் கையில்? வீட்டுப் பத்திரம் யார் பெயரில்? அவன் அடித்தால் ராத்திரி பதினோரு மணிக்கு அவள் போக இடம் எங்கே?

அப்பா குடியை விட்டது அவருடைய கடைசி இரண்டு வருடங்களில்தான், உடம்பு முடியாமல். அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன்: “அப்பா குடிக்காத இந்த ரெண்டு வருஷம் நிம்மதியா இருந்தியாம்மா?” அம்மா துணியிலிருந்து நிமிரவில்லை. “அடி நின்னுச்சு. பணத்தை மட்டும் டப்பாவிலதான் வெச்சிருந்தேன்” என்றார்.